5000 ஆம் துறையில் இருந்தவர் யார்?

எமது பாடசாலை வாசிகசாலைக்காக நானும் என் தோழியர் இருவரும் பைதன் மொழியில் ஒரு சிறு மென்பொருளை எழுதினோம். நூலின் பெயரைத் தட்டெழுதினால், அது எந்த அலுமாரியில் இருக்கிறது, இரவல் போயிருக்கிறதா என்பதை அது காட்டும். லினக்ஸ் நிறுவப்பட்ட வாசிகசாலைக் கணினியில் மென்பொருள் இயங்க, மண்டபத்திலுள்ள கணினிகளில் பெற்றோர் அதைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கான முகவரியை, இறுதியில் 5000 என்ற இலக்கத்துடன், துண்டுச் சீட்டுகளில் அச்சிட்டும் விட்டோம்.

நிகழ்ச்சி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில் மென்பொருளை இயக்கினேன். அது இயங்கவில்லை. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. பதற்றத்தில் 5000 ஐ அழித்துவிட்டு 5001 என்று மாற்றினேன். உடனே இயங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். ஆனால் மண்டபத்தில் பெற்றோர் சீட்டிலிருந்த 5000 ஐத்தானே தட்டெழுதினார்கள்! திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் நின்றவர்களில் என் உம்மாவும் ஒருவர்.

டீச்சர் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இலக்கத்தை மாற்றினீர்கள் மகள், சரி. 5000 இல் யார் இருக்கிறார் என்று பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை.

துறை என்பது என்ன?

பருத்தித்துறை, காங்கேசன்துறை என்னும் ஊர்ப் பெயர்களில் உள்ள அதே துறைதான் இது. படகு வந்து கட்டும் இடம். வலையமைப்பில் ஒரு கணினிக்கு ஒரு முகவரி உண்டு. ஆனால் அந்தக் கணினிக்குள் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. வந்து சேரும் தகவல் எந்த மென்பொருளுக்கு உரியது என்பதைத் துறை இலக்கமே சொல்கிறது. ஒரு துறையில் பொதுவாக ஒரு மென்பொருள் மட்டுமே காத்திருக்க முடியும்.

துறை இலக்கம் 16 பிட்டுகளால் ஆனது. ஆகவே 0 முதல் 65535 வரை இலக்கங்கள் உள்ளன. 0 முதல் 1023 வரையுள்ளவை நன்கறியப்பட்ட சேவைகளுக்கு உரியவை. இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, மின்னஞ்சல் அனுப்ப 25 என்பன உதாரணங்கள். 1024 முதல் 49151 வரையுள்ளவை பதிவு செய்து பெறக்கூடியவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 3306 இவ்வகையைச் சேர்ந்தது. 49152 முதல் 65535 வரையுள்ளவை தற்காலிகப் பாவனைக்கானவை.

இருப்பவரை அறிதல்

லினக்ஸில் கட்டளைத் திரையைத் திறந்து, எஸ்எஸ் என்னும் கட்டளையை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் எல், டீ, என், பீ ஆகிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால், எந்தத் துறையில் எந்தச் செய்நிரல் காத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். வின்டோஸில் நெட்ஸ்டாட் என்னும் கட்டளையுடன், சிறு கோடிட்டு ஏ, என், ஓ ஆகிய எழுத்துகளை எழுத வேண்டும். கடைசி நிரலில் வருவது செய்நிரலின் அடையாள இலக்கம். அதை டாஸ்க் மெனேஜரில் தேடினால் பெயர் தெரிந்துவிடும்.

நாங்களும் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். 5000 இல் இருந்தது வேறு யாருமல்ல, எங்களுடைய மென்பொருளேதான்! முதல் நாள் மாலை அதை மூடுவதாக எண்ணி, கன்ட்ரோலுடன் சீ எழுத்தை அழுத்துவதற்குப் பதிலாக இசட் எழுத்தை அழுத்தியிருக்கிறேன். சீ மூடிவிடும்; இசட் உறங்க மட்டுமே வைக்கும். உறங்கிய மென்பொருள் துறையை விடவும் இல்லை, வந்தவர்களுக்குப் பதில் சொல்லவும் இல்லை. வட்டம் சுற்றியதன் காரணம் அதுதான். அதை முறையாக மூடிவிட்டு, 5000 இலேயே மீண்டும் இயக்கினேன். சற்று நேரத்தில் உம்மா ஒரு நூலின் பெயரைத் தட்டெழுத, அலுமாரி இலக்கம் திரையில் வந்தது.

புதிய துறையைத் தெரிவு செய்தல்

வேறொருவரின் மென்பொருள் அங்கே இருந்திருந்தால்? யாரென்று அறியாமல் அதை மூடுவது தவறு. அது தரவுத்தளமாகவும் இருக்கலாம். அப்போது நாம்தான் இடம் மாற வேண்டும். லினக்ஸில் 1024 இற்குக் கீழே சாதாரணப் பயனருக்கு வழமையாக அனுமதி இல்லை. 32768 முதல் 60999 வரையுள்ள இலக்கங்களை அது வெளிச்செல்லும் இணைப்புகளுக்குத் தானாகவே எடுத்துக் கொள்வது வழக்கம். எனவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இலக்கமே எம்மைப் போன்றோருக்குப் பொருத்தம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டியலில் ஒரு துறை வெறுமையாகத் தெரிந்தாலும், நாம் பார்த்த கணத்திற்கும் பிடிக்கும் கணத்திற்கும் இடையில் வேறொரு மென்பொருள் அதைப் பிடித்துவிடலாம். ஆகவே பார்ப்பது மட்டும் போதாது. பிடித்துப் பார்க்க வேண்டும். பிடிக்க முடிந்தால் அது நமது. முடியாவிட்டால் அடுத்த இலக்கம். இதைவிட இலகுவான வழி, துறை இலக்கமாக 0 ஐக் கொடுப்பது. 0 என்றால், நீயே ஒன்றைத் தா என்று பணிசெயல் முறைமையிடம் கேட்பதாகப் பொருள். அது வெறுமையான ஒரு துறையைத் தரும்; கிடைத்த இலக்கத்தை மென்பொருள் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த இலக்கம் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது. சோதனைக்கு அது நல்லது. பிறர் தேடி வரும் மென்பொருளுக்கோ நிலையான இலக்கம் வேண்டும். அது மாறினால் முதலில் அவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். அன்று நான் இலக்கத்தை மாற்றினேன், சீட்டை மாற்றவில்லை.

பிறர் வீட்டு வாசலில் எட்டிப் பார்க்காமல், ஸலாம் சொல்லி அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்று சிறுவயதிலேயே எமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கணினிக்குள்ளும் அந்த ஒழுக்கம் பொருந்தும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போது வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்து, எங்கள் துறை விடுபட்டிருக்கிறது என்று உறுதி செய்த பின்னரே கணினியை விட்டு எழும்புகிறேன்.