ஸ்காண்டிநேவியாவில் எங்கே வேணும்னாலும் டென்ட் போடலாமா? ரீல்ஸ் சொல்லாத பாதி சட்டம்

நள்ளிரவு நெருங்குகிறது, சூரியன் இன்னும் மறையவில்லை. கடலோரப் புல்வெளியில் ஒரு வேன், பக்கத்தில் டென்ட், அடுப்பில் காபி. கூடவே ஒரு கேப்ஷன்: ‘நார்வேயில் எங்கே தங்கினாலும் ஃப்ரீ, சட்டமே அனுமதிக்குது!’ கோடை வந்தால் இந்த மாதிரி வீடியோக்கள் நம்ம ஃபீடிலும் வரிசை கட்டும்.

இதில் டென்ட் வரைக்கும் ஓரளவு சரி. அந்த வேன் புல்வெளிக்குள் எப்படி வந்தது என்பதில்தான் சிக்கல்.

அது என்ன உரிமை?

ஸ்வீடனில் இதன் பெயர் ‘அல்லமான்ஸ்ரெட்டன்’. எல்லோருக்குமான உரிமை என்று சொல்லலாம். நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டில் நடக்கலாம், ஏரியில் நீந்தலாம், காட்டுப் பழங்களைப் பறிக்கலாம், ஓரிரு இரவு டென்ட் போடலாம். பல தலைமுறை வழக்கமாக இருந்த இது 1994-ல் அந்நாட்டு அரசியலமைப்பிலேயே இடம்பிடித்தது. ஆனாலும் எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்று தெளிவாகச் சொல்லும் தனிச் சட்டம் அங்கே இல்லை. ‘தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே’ என்பதுதான் அடிப்படை. மீதியை உங்கள் பொறுப்புணர்வுக்கு விட்டுவிடுகிறார்கள்.

நார்வே கொஞ்சம் கறார். 1957-ல் வந்த திறந்தவெளிச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காடு, மலை, கடற்கரை போன்ற சாகுபடி செய்யாத நிலம் ‘உட்மார்க்’, டென்ட் இங்கேதான். வயல், வீட்டு முற்றம் போன்றவை ‘இன்மார்க்’. கேட்காமல் தங்கக் கூடாது. (நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும் குளிர்காலத்தில் மட்டும் வயலைக் கடந்து நடக்கலாம். பயிர் இல்லாதபோது மிதித்தால் என்ன நஷ்டம் என்ற விவசாயக் கணக்கு!) ஆள் வசிக்கும் வீட்டிலிருந்தோ கேபினிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் 2 இரவுகளுக்கு மேல் என்றால் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். உயர்ந்த மலைப் பகுதிகளிலும், குடியிருப்பிலிருந்து வெகுதூரம் உள்ள இடங்களிலும் இந்த 2 நாள் வரம்பு கிடையாது.

டென்மார்க்? அங்கே இந்தக் கதையே செல்லாது. கடற்கரையிலோ காட்டிலோ நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. அதற்கென ஒதுக்கப்பட்ட சில காட்டுப் பகுதிகளும் முகாம் இடங்களும்தான் வழி. கோபன்ஹேகனில் கார் எடுத்து, 2000-ல் திறக்கப்பட்ட ஓரேசுண்ட் பாலத்தைக் கடந்து ஸ்வீடனின் மால்மோவுக்குள் நுழையும்போது, கிட்டத்தட்ட 16 கிலோமீட்டரில் விதியே மாறிவிடுகிறது.

காருக்கு உரிமை இல்லை

பலரும் தவறவிடும் வரி இதுதான். இந்த உரிமை நடப்பவருக்கு, சறுக்குபவருக்கு, துடுப்புப் போடுபவருக்கு. மோட்டார் வண்டிக்கு இல்லை. சாலையை விட்டு இறங்கி புல்வெளியிலோ கடற்கரையிலோ வண்டி ஓட்டுவதை ஸ்வீடன், நார்வே இரண்டுமே தனிச் சட்டம் போட்டுத் தடுக்கின்றன. காரணம் எளிது: வடக்கே செடி வளரும் காலம் மிகக் குறைவு. ஒரு டயர் தடம் ஆறுவதற்குப் பல வருடங்கள் ஆகும்.

எனவே வேனில் தூங்குபவர் ‘எல்லோருக்குமான உரிமை’ என்று வாதாட முடியாது. அவருக்குப் பொருந்துவது சாதாரண பார்க்கிங் விதிதான். பலகையில் ‘இரவு தங்கக் கூடாது’ என்று இருந்தால் பேச்சே இல்லை. வண்டியை முறையாக நிறுத்திவிட்டு, டென்ட்டைத் தோளில் மாட்டி கொஞ்ச தூரம் நடந்தால் உரிமை திரும்பக் கிடைத்துவிடும்.

தீ மூட்டுவதிலும் கவனம் வேண்டும். நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் திறந்த தீக்குப் பொதுத் தடை உண்டு. அதாவது, நாம் போகிற சீசன் முழுவதும். ஸ்வீடனில் வறட்சியைப் பொறுத்து அந்தந்தப் பகுதியில் தடை அறிவிக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து போனால்?

3 நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்; 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள். ஆனால் விண்ணப்பத்தில் எங்கே தங்குவீர்கள் என்று ஆதாரம் காட்ட வேண்டும். ‘காட்டுல படுத்துக்குவோம்’ என்று எழுதிக் கொடுக்க முடியாதில்லையா? அதனால் இடையிடையே கேம்ப்சைட் புக்கிங் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே குளியலறை, சமையலறை கிடைக்கும். வேனின் கழிவுநீரைக் கொட்டவும் வசதி இருக்கும். பல இடங்களில் சின்ன மரக் கேபின்களும் உண்டு. தொடர்ந்து 3 நாள் மழையில் நனைந்தபின் அதன் அருமை புரியும். உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். அடுப்புக்கான கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது; போய் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

லோஃபோடனில் நடப்பது

கடலிலிருந்து நேராக எழும் மலைகள், சிவப்பு மீனவக் குடில்கள். நார்வேயின் லோஃபோடன் தீவுகளை இன்ஸ்டாகிராமில் பார்க்காதவர்கள் குறைவு. அங்குள்ள கிராமங்கள் சின்னவை, சாலைகள் குறுகலானவை. கோடையில் வண்டிகள் குவியும்போது குப்பை சேர்கிறது. கழிப்பறை இல்லாத இடங்களில் பாறை மறைவுகள் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. விளைவு: நெரிசலான சில இடங்களில் டென்ட் போட உள்ளாட்சிகளே தடை விதித்துள்ளன.

தடைப் பலகை வந்துவிட்டால் அது வெளியூர்க்காரருக்கு மட்டும் பொருந்துவதில்லை. சின்ன வயதிலிருந்து அதே கடற்கரையில் டென்ட் போட்டு வந்த உள்ளூர்க்காரரும் அன்று முதல் அங்கே போட முடியாது. எனவே பழைய வீடியோவை நம்பி லொக்கேஷனை சேவ் செய்திருந்தால், கிளம்பும் முன் அந்த ஊர் உள்ளாட்சியின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.