ஐப்பசி மழையும் அரக்கு மெருகும்

மூலனூர்ப் பக்கம் மழை குறைந்த நாடு. ஆண்டில் பெரும்பகுதி காற்றும் வெயிலுமாகவே கழியும். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், சங்கக் கட்டடங்களில் புதிதாக மெருகிட்ட மேசையும் பீரோவும் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடுவதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். உடனே தச்சர்மீது குறை கூறப்படுகிறது. மெருகை முழுதும் சுரண்டி மறுபடி பூசுவதென்று நிர்வாகக் குழு தீர்மானம் போடுகிறது. தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் இத்தகைய செலவுச் சீட்டுகளை நான் கண்டதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வேண்டாத செலவு என்பதே என் அபிப்பிராயம்.

பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரக் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்காகும். நம் மேட்டுக்காட்டு இலந்தையும் அவ்வினத்ததே. இன்று ஜார்க்கண்டில் இது மிகுதியாக விளைகிறது. ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் 1924-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது.

ஸ்பிரிட் விரைவில் ஆவியாகும். ஆகும்போது பலகையின் வெப்பத்தையும் கொண்டு செல்லும். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், குளிர்ந்த பலகைமேல் காற்றின் ஈரம் படிகிறது. அரக்கு நீரில் கரையாது. ஆதலின் அது நுண்துகள்களாகப் பிரிந்து நிற்க, ஒளி அவற்றிற் பட்டுச் சிதறி வெண்மையாகத் தோன்றுகிறது. ஸ்பிரிட் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாலும், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இதே கேட்டை விளைக்கும்.

இதற்கு முதல் மருந்து பொறுமை. வானம் வெளுத்து, காற்று உலர்ந்த பின் ஓரிரு நாள் விட்டுவைத்தால் மெல்லிய வெளுப்புத் தானே மறைவதுண்டு. மறையாவிடில், வெயிலேறிய முற்பகலில், பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய மெல்லிய துணிப் பொட்டலத்தில் சிறிதளவே ஸ்பிரிட் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். மேற்படலம் சற்றே இளகும். அடைபட்ட ஈரம் வெளியேறும். பொட்டலம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் மெருகே உரிந்து வந்துவிடும். ஒருமுறை துடைத்து, காயவிட்டு, பிறகே மறுமுறை. மழை நாளில் இதைச் செய்தால் பலகை மீண்டும் வெளுக்கும்.

துப்பாக்கியால் தெளிக்கும் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வெளுத்தால் ஸ்பிரிட் உதவாது. மெதுவாக ஆவியாகும் தின்னரை மேலே மெல்லத் தெளிக்க வேண்டும்.

சூடான தேநீர்த் தம்ளர் வைத்த வெள்ளை வட்டத்திற்குத் தேங்காயெண்ணெய் சில துளியும் மென்மையான வெள்ளைப் பல்பொடியும் சேர்த்து இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் போதும். ஆயுதபூஜைக்குச் சோடா கலந்த நீரால் மேசைகளைக் கழுவும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நலம். காரம் அரக்கைக் கரைக்கும்.

கறுத்த கறை வேறு விஷயம். அங்கே நீர் மெருகைக் கடந்து மரத்தையே சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் பக்கத்தில் ஓர் இரும்பாணி இருக்கும். மெருகை உரித்தே ஆக வேண்டும். அச்செலவுச் சீட்டை எவரும் குறை கூறார்.

நெசவாளர் சங்கங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கலக்கி நெடுநாளான அரக்குக் கரைசல் சரியாக உலராது; பல மாதமானபின் பிசுபிசுப்பாகவே நிற்கும். அத்தகைய அலமாரித் தட்டில் சேலைக் கட்டுகளை அடுக்கினால் அடிச்சேலை ஒட்டிக்கொள்ளும். வெளுத்த மேசையால் நஷ்டமில்லை. கறைபட்ட சேலையை யார் வாங்குவர்? ஆகவே செதில் அரக்காக வாங்கி, வேண்டியபோது வேண்டிய அளவே கரைத்து, புட்டியில் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மெருகிட்ட தட்டு நன்கு இறுகும்வரை, ஒரு வாரமேனும், சரக்கேற்ற வேண்டாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். மெதனால் கலந்தது கொடிய நஞ்சு. துணிக் கிடங்கிலும் பஞ்சுக் கிடங்கிலும் அதை வைத்தல் கூடாது.

மெருகு வேலைக்குத் தை பிறந்த பின் வரும் மாதங்களே ஏற்றவை. விலைப்புள்ளி கேட்கும்போதே அம்மாதங்களைக் குறிப்பிட்டுவிடலாம்.