காற்றறிந்து கடலிறங்கல்

கடலைச் சார்ந்து வாழும் மக்கள் காற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டழைப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இந்நான்கினையும் அவற்றின் காலத்தோடு அறிந்தவர், தொண்டைமானாற்றுக் கடலின் இயல்பிலே பெரும்பகுதியை அறிந்தவராவர்.

1943 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான கூஸ்தோவும் ககஞானும் இயற்றிய சுவாசக் கருவியின் பயனாக, கடலடியிற் சுழியோடுதல் இன்று பலருக்கும் கைவந்த கலையாகிவிட்டது. பிறநாடுகளில் வாழும் எம்மவரின் பிள்ளைகளும் இதனைப் பயின்று, ஊருக்கு வருங்கால் எமது கடலிலும் இறங்க விழைகின்றனர். அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதோ பெரும்பாலும் ஆடி ஆவணியில் அல்லது மார்கழியில். விடுமுறை நாளைக் கடல் அறியாது. ஆதலின் எக்காலத்தில் இறங்கலாம், எக்காலத்திற் கரையிலே நின்றுவிடல் வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலில் இடத்தின் அமைப்பினை அறிதல் வேண்டும். தொண்டைமானாறு பெயரால் ஆறாயினும், வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாயே அது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் மருங்கே செல்லும் இந்நீர்வழியிலே, உவர்நீர் உட்புகாவண்ணம் கதவுகளோடு கூடிய அணை கட்டப்பட்டுள்ளது. கரை வடதிசை நோக்கியது, சுண்ணக்கல்லாலாயது. அதற்கப்பால் விரியும் பாக்கு நீரிணை ஆழமற்றது. அதன் பெரும்பகுதி 15 மீற்றருக்கு மேற்படாது. அடியிலே மணலும் சேறும் படிந்துள்ளன.

ஆழமின்மை பாதுகாப்பெனச் சிலர் எண்ணுவர். அது முற்றும் பொருந்தாது. அலையின் அசைவு, அடுத்தடுத்த இரு முகடுகளுக்கிடையேயுள்ள தூரத்தின் அரைப்பங்கு ஆழம்வரை செல்லும். முகடுகளிடையே 30 மீற்றர் தூரமிருப்பின் 15 மீற்றர் வரை நீர் அசையும். ஆழ்கடலில் அவ்வலை அடியைத் தொடாது. எமது கடலிலோ அடிச்சேற்றையே கிளறிவிடும். காற்று ஓய்ந்த பின்னரும் அச்சேறு படிவதற்கு நாட்கள் செல்லும். நேற்றைய காற்றே இன்றைய கலங்கல் என்க.

வாடைக்காலம் ஐப்பசி கார்த்திகையிற் தொடங்கி மாசிவரை நீள்வது. வங்காள விரிகுடாவினின்றும் வரும் அலை தடையின்றி இக்கரையிலே மோதும். கற்கரையாதலின் அவ்வேளையில் இறங்குவதும் ஏறுவதும் உடலுக்கு ஊறு விளைப்பன. மாரிமழையால் ஏரி பெருகியதும் அணைக்கதவுகள் திறக்கப்படும். சேற்றுநீர் கடலிற் பரந்து, அண்மையிலுள்ள பொருளும் புலப்படாது போகும். புயல்களும் இக்காலத்தனவே. 1964 மார்கழியிலே தனுஷ்கோடியை அழித்த புயல் வடபகுதியையும் தாக்கியமை முதியோர் நினைவிலுள்ளது. ஆகவே மார்கழி விடுமுறையிலே வருவோர் இக்கரையிற் சுழியோடும் எண்ணத்தை விடுதலே நன்று.

பங்குனி சித்திரை மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்டன. காற்றுத் தணியும், நீர் தெளியும். கடலோடு பொருதவர்கள் இக்காலத்தைத் தெரிந்தெடுத்தமைக்குச் சான்றுகளுண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அவர்கள் 1954 ஆம் ஆண்டு பங்குனியிலே வல்வெட்டித்துறையினின்றும் கோடியக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். மிகிர் சென் அவர்கள் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது 1966 சித்திரையில். மன்னார்க் கடலில் முற்காலத்து முத்துக்குளிப்பும் இம்மாதங்களையொட்டியே நிகழ்ந்தது. எனினும் சித்திரையில் மாலைவேளை இடிமின்னல் எழுமாதலின், காலையிற் சென்று நண்பகலுக்கு முன் மீளல் வேண்டும்.

இனி, மிகுந்த எச்சரிக்கைக்குரியது சோழகக் காலம். வைகாசி முதல் புரட்டாதிவரை காற்று நிலத்தின் மேலாக வந்து கடலை நோக்கி வீசும். அதனாற் கரையோரத்திலே அலை எழாது. நீர் பளிங்குபோலத் தோன்றும். சந்நிதித் திருவிழாவிற்கு வந்தோர் கரையில் நின்று நோக்கின், இதனினும் இனிய கடல் வேறில்லையென்பர். ஆயின் கரையைவிட்டு விலகுந்தோறும் காற்று வலுக்கும், அலை உயரும். படகிலிருந்து பிரிந்த சுழியோடி மேலெழுந்தால், அவரைக் காற்றும் நீரும் கரைக்குக் கொண்டுவராது வெளிக்கடலுக்கே கொண்டுசெல்லும். வாடையின் இடர் கண்ணுக்குத் தெரிவது. சோழகத்தின் இடர் மறைந்திருப்பது. இயந்திரம் பழுதுற்ற படகும் இவ்வாறே அள்ளுண்டு செல்லும். 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடலெல்லை இந்நீரிணையில் உண்டாதலின், அவ்வாறு செல்லுதல் வேறு தொல்லைகளையும் விளைக்கும்.

அலையுள்ள நாளிலே நீரடியில் இருப்பதைவிட மேலெழுவதே கடினம். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்காகும். அங்கு நெஞ்சிலடக்கிய காற்று மேலே வருங்கால் இருமடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுபவரின் நுரையீரல் கிழிதல் கூடும். 5 மீற்றரளவிலே மூன்று நிமிடம் தங்கி எழுதல் மரபு. பேரலையோ அவ்விடத்தில் ஒருவரை நிலைகொள்ளவிடாது தூக்கித் தாழ்த்தும். பின்னர் ஆடும் படகின் ஏணியைப் பற்றுதலும் இடர்மிக்கதே.

நாட்டின் பிற கரைகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும். சோழகத்திலே மேற்குக் கரையும் தென்கரையும் கொந்தளிக்க, கிழக்குக் கரை அமைதியுறும். 1942 சித்திரை 9 ஆந் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பலைக் காண்போர் அக்காலத்திலேயே செல்வர். தென்கிழக்கிலுள்ள கிரேற் பாசஸ் கற்பாரின் கடலோ ஆண்டிலே சில வாரங்களே அடங்கியிருக்கும். 1961 இல் மைக் வில்சன் குழுவினர் அங்கு வெள்ளி நாணயங்களோடு கிடந்த கப்பற்சிதைவைக் கண்டனர். 1963 இலே ஆதர் சி. கிளாக் அவர்களும் பங்குகொண்ட பயணமொன்று மீண்டும் அங்கு சென்றது. வெள்ளி கிடப்பதை அறிந்திருந்தும், கடல் இடங்கொடுக்கும் வாரங்களுக்குள்ளேயே அவர்களும் தொழிற்பட வேண்டியிருந்தது.

ஆகவே பயணத்தை வகுப்போர் கைக்கொள்ளத்தக்கன சில. ஒரு நாளை மட்டும் குறித்து வராது, இரண்டு மூன்று நாட்களை மேலதிகமாக ஒதுக்குக. முதனாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்க. விடியலில் அவ்வூர்க் கடற்றொழிலாளரை வினவுக. அவர் தம் படகை இறக்காத நாளில் நீவிரும் இறங்கற்க. அமாவாசை பறுவ நாட்களில் நீரோட்டம் மிகுமென்பதை நினைவிற் கொள்க. முதலில் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று, திரும்புகையில் அதனோடு வருக. படகிலே ஒருவர் எப்போதும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, குழுவில் ஒருவர் “இன்று வேண்டாம்” என்றால் ஏனையோர் அவரை நகையாடாது கரை திரும்புதல் வேண்டும்.

பொருள் செலவிட்டுத் தொலைவிலிருந்து வந்தோர்க்குத் திரும்புதல் அரிதென்பதை நாம் அறிவோம். அச்செலவை எண்ணியே பலர் ஆகாத நாளிலும் இறங்கத் துணிகின்றனர். இறங்காத நாளுக்கு மறுநாள் உண்டு. அடுத்த பங்குனியும் உண்டு. எம் இளைஞர் நீந்தப் பயில்வதோடு காற்றின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டுப் பயில்வாராக.