ஆறாம் ஆண்டுக்குப் பின் எந்தப் பள்ளி?

ஆண்டு முடிவு நெருங்கினால் எங்கள் தோட்டப் பள்ளிக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "டீச்சர், பிள்ளையைத் தனியார் இடைநிலைப்பள்ளியில் போடலாமென்று இருக்கிறோம். எது நல்ல பள்ளி?"

முன்பெல்லாம் இது பட்டணத்துக்காரர்களின் கேள்வி. இப்பொழுது செம்பனை லாரி ஓட்டுபவரும் கேட்கிறார். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பிள்ளையின் கையில் இருக்கப்போகும் சான்றிதழ் எது?

இதை நான் ஒரு குடும்பத்துக்குத் தவறாக வழிகாட்டித்தான் கற்றுக்கொண்டேன். என் மாணவி ஒருத்தி; கெட்டிக்காரி. அவள் தந்தை என்னிடம் யோசனை கேட்டார். பட்டணத்து அனைத்துலகப் பள்ளி ஒன்றின் ஆய்வுக்கூடத்தையும் ஆங்கிலத்தையும் கண்டு மயங்கி, "தாராளமாகப் போடுங்கள், அண்ணே" என்று சொல்லிவிட்டேன். தாயாரின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பெண்ணும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை நன்றாகவே எழுதினாள். அதன் பிறகு, "உங்களைப் போல் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும், டீச்சர்" என்று வந்து நின்றாள். ஆசிரியர் பயிற்சிக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி வேண்டும். அவளிடம் அது இல்லை. தனிநபராகப் பதிந்துகொண்டு, மலாய்மொழியையும் வரலாற்றையும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தாள். "டீச்சர் சொன்னா சரியா இருக்கும்னுதான் போட்டோம்" என்றார் அவள் தாயார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தனியார் பள்ளி என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகைகள் இருக்கின்றன. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் எஸ்.பி.எம். தேர்வுக்குத்தான் தயார் செய்கின்றன. மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அரசாங்கப் பல்கலைக்கழகமோ அரசாங்க வேலையோ மனத்தில் இருந்தால் இந்த வழி எளிது.

அனைத்துலகப் பள்ளிகளில் போதனை பெரும்பாலும் ஆங்கிலத்தில். உள்நாட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு இருந்த வரம்பு 2012இல் நீக்கப்பட்ட பிறகு இவை பெருகின. தனியார் கல்லூரிக்கும் வெளிநாட்டுக்கும் அந்தச் சான்றிதழ் நன்றாகச் செல்லும். அங்கே சேர்ப்பதானால், எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளையும் எழுத ஏற்பாடு உண்டா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் தனி ரகம். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் அரசாங்க உதவி வேண்டாமென்று தனித்து நின்றவை. சமூகத்தின் நன்கொடையால் வளர்ந்தவை. 1975 முதல் யு.இ.சி. என்னும் சொந்தத் தேர்வை நடத்துகின்றன. கணிதத்தில் கண்டிப்பு அதிகம். ஆனால் போதனைமொழி மாண்டரின். சீன ஆரம்பப்பள்ளியில் படித்த பிள்ளைக்குச் சரிவரும். நம் பள்ளியிலிருந்து நேரே போகிற பிள்ளை திணறிப்போகும்.

பள்ளியைப் பார்க்க, அவர்கள் அழைக்கும் திறந்த நாளில் மட்டும் போகாதீர்கள். அன்று எல்லாப் பள்ளியும் கல்யாண வீடுதான். சாதாரண வேலை நாளில், அனுமதி பெற்றுப் போங்கள். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, கால அட்டவணையில் தமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். "விரும்பினால் பள்ளி முடிந்ததும் படிக்கலாம்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியதாக இருக்கும். கட்டணத் தாளில் அச்சடிக்காத செலவுகளையும் எழுதி வாங்குங்கள்: புத்தகம், பேருந்து, தேர்வுக் கட்டணம், சுற்றுலா. முதல் ஆண்டுக் கட்டணத்தைப் புரட்டிவிடலாம். மூன்றாம் ஆண்டில் கட்ட முடியாமல் பிள்ளையை நடுவில் எடுப்பது மிகவும் கொடுமை. நீச்சல் குளத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்!

இவ்வளவும் கேட்ட பிறகு, அரசாங்க இடைநிலைப்பள்ளியே போதுமென்று தோன்றினால் அதில் வெட்கமில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து மலாய்மொழியைப் பலப்படுத்திக்கொண்டு மேலே வந்த பிள்ளைகள் என் மாணவர்களிலேயே எத்தனையோ பேர்.

நாளை மாலை ஒரு தகப்பனார் இரண்டு பள்ளிகளின் கையேடுகளோடு என்னைப் பார்க்க வருகிறார். மகளையும் அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறேன். முதலில் அவளிடம்தான் பேசப்போகிறேன்.