கூரைக்கு முன் பட்டா: வீட்டுச் சூரிய மின்சாரம் யாருக்கு எளிதாயிற்று?

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்த அனுமதி பெறுவது முன்பு அலைச்சல் மிகுந்த வேலை. இன்று அது பெருமளவு எளிதாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ‘பிரதமர் சூர்ய கர்’ திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடி வீடுகளை இலக்காக அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இந்த எளிமை சேரியின் வாசல்வரை வருகிறதா என்பதே நமது கேள்வி.

நடைமுறை என்ன?

மின் இணைப்பு எண்ணைக் கொண்டு தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு மின்வாரியப் பொறியாளரின் சாத்தியக்கூறு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்கள் அந்த ஆய்வின்றியே ஏற்கப்பட்டவையாகக் கொள்ளப்படும். பதிவுபெற்ற நிறுவனம் தகடுகளைப் பொருத்திய பின், மின்வாரியம் இருவழி மீட்டர் வைத்து இயக்கத்துக்கு ஒப்புதல் அளிக்கும். அதன் பிறகு மானியம் வங்கிக் கணக்கில் சேரும்.

தாளில் இவ்வளவுதான். ஆனால் இந்த வரிசை தொடங்குவதற்கு முன்பே மூன்று பூட்டுகள் இருக்கின்றன.

முதல் பூட்டு உடைமை. விண்ணப்பதாரர், தகடு பொருத்தத்தக்க கூரையுள்ள வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்கிறது திட்டம். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, கையில் ஒப்படைப்பு ஆணை இருந்தும் வருவாய்க் கணக்கில் ஏறாத மனை, புறம்போக்கில் மூன்று தலைமுறையாக நிற்கும் வீடு: இவை நம் குடியிருப்புகளில் அன்றாடக் காட்சிகள். ஊராட்சி வீட்டு வரி ரசீது மட்டும் உடைமையை நிலைநாட்டிவிடாது. ஆகவே, மின்வாரியம் கேட்காத அனுமதியை வட்டாட்சியர் அலுவலகத்தில் தேடி நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பூட்டு மின் இணைப்பு. இறந்துபோனவர் பெயரில் இணைப்பு இருந்தால், வாரிசுச் சான்றிதழுடன் பெயர் மாற்றம் செய்தாக வேண்டும். இலவசக் குடிசை இணைப்பு உள்ள வீடு, முதலில் மீட்டருடன் கூடிய வீட்டு இணைப்புக்கு மாற வேண்டும். ஓட்டுக் கூரையும் தகரக் கூரையும் தகட்டின் எடையைத் தாங்குமா என்பது அதற்கடுத்த சிக்கல்.

மூன்றாவது பூட்டு பணம். மானியம், பொருத்தி முடித்த பிறகே வருகிறது. 3 கிலோவாட் வரை பிணையின்றி வங்கிக் கடன் உண்டு என்றாலும், கூலி வருமானத்தைப் பார்த்து வங்கி தயங்கினால் அந்த வசதி ஏட்டோடு நின்றுவிடும்.

எல்லா வீட்டுக்கும் இது லாபம் என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டுக்குச் சேமிக்கக் கட்டணமே இல்லை. அப்படியானால், பொதுப் பணத்திலிருந்து வரும் இந்த மானியம் ஏற்கெனவே கான்கிரீட் கூரையும் தெளிவான பத்திரமும் கூடுதல் மின் நுகர்வும் உள்ளவர்களையே நாடிச் செல்கிறது. சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு இப்போது வெயிலின் பங்கும் மறுக்கப்படுகிறது.

சட்டம் காட்டும் வழி

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்லாது குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் மின்சாரம் வழங்க வேண்டும் என்கிறது. வீட்டு உரிமையாளரின் தடையின்மைச் சான்று இல்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மின்சாரம் பெறக் குடியிருப்பே போதும் என்றால், மின்சாரம் தயாரிக்க மட்டும் உடைமை ஏன்?

தமிழ்நாட்டுக்கு முன்னனுபவமும் உண்டு. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகளும் சேர்ந்தே வந்தன. அதில் 29 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கும் பட்டா கேட்கப்பட்டது. ஆனால் சூரிய மின்சாரத்துக்கெனக் குடும்பம் தனியே விண்ணப்பித்து அலையவில்லை. 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் போதும். அந்தச் சிறிய கூரைகளும் தகுதியானவையே.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, கலைஞர் கனவு இல்லம் போன்ற அரசு வீடுகளில் தகடும் இருவழி மீட்டரும் வீட்டோடு சேர்த்தே தரப்பட வேண்டும். இரண்டு, மின் விநியோக நிறுவனமே வீடுகளின் சார்பில் தகடு நிறுவும் முறை ஒன்றியத் திட்டத்திலேயே இருக்கிறது. அதை ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று, முன்பு மானியம் பெற்றவர் மீண்டும் பெற முடியாது என்ற நிபந்தனையைக் காட்டிப் பசுமை வீட்டுக் குடும்பங்களை விலக்கக் கூடாது. இதை அரசு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். நான்கு, கூரையற்றோருக்குப் பொதுக் கட்டடக் கூரையில் பங்கு வேண்டும். ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீடுகளின் கட்டணத்தில் கழிக்கும் முறைக்கு டெல்லி 2019-லேயே வழிகாட்டுதல் வகுத்தது. பள்ளிக் கூரையும் சமுதாயக் கூடமும் இங்கும் இருக்கின்றன.

அதுவரை மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டு, பட்டா யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில், கூரை எத்தகையது என்று வீடுவாரியாகப் பட்டியலிடலாம். வட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் எந்தக் காரணத்தால் நிலுவையில் உள்ளன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். அந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால், அனுமதி எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கோரிக்கையை அந்த மேசைக்கே கொண்டுசெல்லலாம்.