குருளையும் அதன் பெற்றோரும்

ஜுபிலி மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியத்தையே எதிர்பார்த்திருப்பர். யாம் நாயைப் பற்றி எழுத முற்பட்டது அவர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இதற்குக் காரணம் உண்டு. எம்மைக் காண வரும் பழைய மாணவர் பலர், உத்தியோகமும் ஓரளவு வசதியும் வாய்த்தபின், வீட்டுக்கு ஒரு "சாதி நாய்" வாங்க விரும்புகின்றனர். சிலர் ஆணும் பெண்ணுமாக வாங்கி, குட்டி விற்றுப் பொருளீட்டவும் எண்ணுகின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் சொல்ல வேண்டியது ஒன்று எம்மிடம் உளது. அதனை யாம் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது. நாயின் இளமைப் பெயர் குருளை என்பது தொல்காப்பிய மரபியல் கூறும் முறை. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆளுவோம்; இளைய மாணவர்க்கு ஒரு பழஞ்சொல் பழக்கமாகட்டும். "சாதி நாய்" என்னும் வழக்கு எமக்கு உவப்பானதன்று. அச்சொல் மனிதரிடையே செய்துள்ள தீங்கே போதும். தூய இன நாய் என்போம்.

எம் சிறு பிராயத்தில், ராகலையில் யாம் வாழ்ந்த தோட்டத்துத் துரை பங்களாவின் கேற்றுக்குள் அல்சேஷன் நாயொன்று நிற்கும். லயத்துப் பிள்ளைகளாகிய யாம் அதனைத் தேயிலைச் சரிவுக்கு அப்பாலிருந்தே பார்த்திருக்கிறோம். ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, குடியிருக்கச் சொந்தமாக ஒரு வீடும் வாய்த்த பின்னர் அந்தப் பழைய ஆசை தலைதூக்கிற்று. நகரொன்றில் ஒருவரிடம் எட்டு வாரக் குருளையொன்றை வாங்கினோம். கொடுத்த விலை எமது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டது. குருளையோடு வம்சாவளிப் பத்திரமும் தந்தனர். மூன்று தலைமுறைப் பெயர்கள் அதில் இருந்தன. இரண்டு பெயர்களுக்கு எதிரே சாம்பியன் என்ற பட்டமும் இருந்தது. வீரன் எனப் பெயரிட்டோம்.

ஒன்பதாம் மாதத்தில் வீரன் முயலைப் போல இரு பின்னங்கால்களையும் ஒருங்கே தூக்கிக் குதித்தோடத் தொடங்கினான். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர், யாமும் சிரித்தோம். ஆண்டு நிறையுமுன், தெருவிலிருந்து எம் வீட்டுக்கு ஏறும் கற்படிகளில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு வான் பிடித்துக் கொண்டு சென்றோம். அங்கே எக்ஸ்-ரே படம் எடுத்துக் காட்டினர். இடுப்பெலும்பில் கிண்ணம் போன்று குழிந்திருக்க வேண்டிய பொருத்து, தட்டைப் போல ஆழமற்றிருந்தது. தொடையெலும்பின் உருண்டைத் தலை அதற்குள் அடங்காமல் பாதி வெளியே நின்றது. வைத்தியர் எம்மிடம் கேட்ட முதற் கேள்வி, "தாய்க்கும் தகப்பனுக்கும் இப்படிப் படம் எடுத்தார்களா?" என்பதே. அப்படி ஒன்று உண்டு என்பதையே யாம் அன்றுதான் அறிந்தோம்.

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "பத்திரம் சரியாகத்தானே இருக்கு, மாஸ்டர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பத்திரம் சரியானதே. ஆனால் அதில் இடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அல்சேஷன் என நாம் வழங்கும் இந்த நாய் ஜெர்மனியின் ஆட்டு மந்தை நாய் ஆகும். முதல் உலகப் போருக்குப் பின், 1919 இல், ஜெர்மன் என்ற பெயரை வெறுத்த ஆங்கிலேயர் இதற்கு அல்சேஷன் என்று பெயர் மாற்றினர். 1977 இல் தான் பழைய பெயரைத் திரும்ப ஏற்றனர். நம் நாட்டில் மாற்றிய பெயரே நிலைத்துவிட்டது. மாக்ஸ் பொன் ஸ்டெஃபனிட்ஸ் என்ற படை அதிகாரி 1899 இல் ஹொராண்ட் என்னும் ஒரே ஆண் நாயை முதல்வனாகக் கொண்டு இந்த இனத்தின் பதிவேட்டைத் தொடங்கினார். உழைக்கும் திறனே நாயின் அழகு என்பது அவர் கொள்கை. கொள்கை நல்லதே. ஆயின் ஒரு சில முன்னோரின் வழியை நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கும்போது, அவற்றின் நற்குணங்களோடு மறைந்திருந்த குறைகளும் கூடவே பெருகுகின்றன.

ராகலைக்கு அணித்தே, ஹல்கரனோயாப் பக்கத்தில், லிடெஸ்டேல் என்றொரு தோட்டம் உளது. அது ஸ்கொத்லாந்தின் தென்னெல்லைப் பள்ளத்தாக்கொன்றின் பெயர். அந்த எல்லைப்புறம் ஆடு மேய்க்கும் நாடு. அதற்கு அடுத்துள்ள நோதம்பர்லாந்தில் அடம் டெல்ஃபர் என்னும் பண்ணையாளர் இருந்தார். அவரிடம் ரோய் என்ற ஆண் நாய் இருந்தது. இணக்கமான குணம், ஆனால் மந்தை ஓட்டுவதில் பெருந்திறமை இல்லை. மெக் என்ற பெண் நாயோ கூச்சமுள்ளது. ஆட்டைக் கண்ணாலேயே கட்டி நிறுத்தும் பார்வை உடையது. ஒன்றின் மிகையை மற்றொன்று சமன் செய்யட்டும் என்று இரண்டையும் இணைத்தார். 1893 இல் ஹெம்ப் பிறந்தது. அது 1901 இல் இறப்பதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட குருளைகளுக்குத் தந்தையாயிற்று. இன்று உலகெங்கும் உள்ள போர்டர் கொலி நாய்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் அதுவே மூதாதை. 1963 இல் பிறந்த விஸ்டன் கெப் என்ற நாய்க்குப் பதிவான குருளைகள் மட்டும் 1900க்கு மேல். தேர்ந்து இணைத்தலின் மேன்மையும், ஒரே தந்தையைத் தேடி எல்லோரும் ஓடுவதன் அபாயமும் இந்த ஓர் இனத்தின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளன.

இனி நோய்களைச் சொல்வோம். இடுப்புப் பொருத்தின் குறை பல மரபணுக்கள் சேர்ந்து விளைப்பது. வளரும் பருவத்தில் அளவுக்கு மீறி ஊட்டுவதும் வழுக்கும் தரையும் அதனை மிகுவிக்கும். பிறந்த குருளையைத் தடவிப் பார்த்து இதனை அறிய இயலாது. ஆகவே பெற்றோரைத்தான் சோதிக்க வேண்டும். பிரித்தானியாவில் மிருக வைத்தியர் சங்கமும் கெனல் கிளப்பும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில், ஒரு வயது நிரம்பிய நாயை மயக்கி மல்லாத்திப் படம் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை புள்ளி இடுவர். புள்ளி குறைந்தால் இடுப்பு நன்று. எம்முடைய விடைத்தாள் முறைக்கு நேர்மாறு! அமெரிக்காவில் 1966 இல் தோன்றிய விலங்கு எலும்பியல் நிறுவனம் இரண்டு வயது நிரம்பிய பின்னரே முடிவான சான்று தரும். நல்ல இடுப்புள்ள பெற்றோர்க்கும் குறையுள்ள குருளை பிறத்தல் கூடும். ஆயின் அரிதாகப் பிறக்கும்.

ஒற்றை மரபணுவால் வரும் நோய்கள் வேறு வகையின. அல்சேஷனுக்கு முதுமையில், பெரும்பாலும் எட்டு வயதளவில், முள்ளந்தண்டு வடம் சிதைந்து பின்னங்கால்கள் மெல்ல மெல்ல இழுபடும் நோயொன்று உண்டு, மருந்து இல்லை. இதற்கு ஏதுவான மரபணு மாற்றம் 2009 இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குறையுள்ள பிரதி இரண்டையும் பெற்ற நாய்க்கே ஆபத்து. ஒன்று மட்டும் பெற்றது பொதுவாக நோயின்றி வாழும். அதனைக் கடத்தி என்போம். இரு கடத்திகளை இணைத்தால், பிறக்கும் ஒவ்வொரு குருளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கடத்தியை முற்றும் சுத்தமான நாயோடு இணைத்தால் ஆபத்துள்ள குருளை ஒன்றும் பிறவாது. எனவே கடத்திகளையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமென்பது தவறு; அப்படி ஒதுக்கினால் இனமே குறுகி வேறு குறைகள் தலைகாட்டும். துணையை அறிந்து சேர்ப்பதே வழி. கன்னத்தின் உட்புறத்தைச் சிறு பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியே இச்சோதனைக்குப் போதும்.

கொலி நாய்களுக்குக் கண்ணின் பின்புறம் சரிவர வளராத பிறவிக் குறை ஒன்று வரும். அதனை ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் கண் வைத்தியம் அறிந்தவர் பார்க்க வேண்டும். பின்னர் நிறமி படர்ந்து இலேசான குறை மறைந்துவிடும். நாயைப் பார்த்தால் நலமுடையது போலத் தோன்றும், ஆனால் மரபணு அங்கேயே இருக்கும். புள்ளியும் திட்டுமாகச் சாம்பல் படர்ந்த மெர்ல் நிறம் பலர் விரும்புவது. அந்நிறமுள்ள இரண்டை இணைத்தால் நான்கில் ஒன்று செவிடாகவோ குருடாகவோ பிறக்கக்கூடும்.

தோட்டப் பகுதிகளில் உள்ளோர் சிறப்பாக அறிய வேண்டியது ஐவர்மெக்ரின் மருந்து. மாட்டுக்குப் புழுவுக்காக வாங்கிய மிச்சத்தை, சொறி பிடித்த நாய்க்கும் ஏற்றிவிடுவது எங்கும் காணும் வழக்கம். கொலி நாய்கள் பலவற்றில், மருந்தை மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் பழுதாயுள்ளது. இது 2001 இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. அல்சேஷனிலும் சில இதனைக் கொண்டுள்ளன. மாட்டுக்குரிய அளவில் இம்மருந்தைப் பெற்ற அத்தகைய நாய் தள்ளாடி, குருடாகி, மயங்கி இறக்கலாம். வைத்தியரைக் கேளாமல் அந்த ஊசியைத் தொட வேண்டா.

நம்மவர்க்கு இனவிருத்தி புதிய கலையன்று. லயத்துக் காம்பராவை ஒட்டிய தொழுவத்தில் ஒரு பசு வைத்திருப்பவர், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு உத்தியோகத்தர் வந்தால், குண்டசாலையிலிருந்து வந்த காளை எது, பிரீசியனா ஜேர்சியா, அதன் தாய் எத்தனை போத்தல் கறந்தது என்றெல்லாம் கேட்டே விடுவார். "தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள், பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்" என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். அதே மனிதர் நாய் வாங்கப் போனால் காது நிமிர்ந்திருக்கிறதா, பத்திரம் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறார். யாமும் அப்படியே நின்றோம்.

ஆகவே வாங்குவோர் முதலில் தாயை நேரிற் காண வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் பேச்சை அவ்வளவில் முடித்துக்கொள்ளலாம். பின் இருவரின் இடுப்புப் படத்தையும் சோதனைத் தாளையும் கேட்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குருளையை ஏற்கலாகாது. குட்டி விற்க நினைப்போர்க்கு எமது அறிவுரை சற்றுக் கடுமையானது. இரண்டு வயதுக்கு முன் பெண் நாயை இணைக்க வேண்டா. அண்ணன் தங்கையையோ தாய் மகனையோ ஒருபோதும் இணைக்க வேண்டா. அவ்வாறு பிறந்தவற்றைப் பதிவு செய்வதைப் பிரித்தானிய கெனல் கிளப்பே 2009 இல் நிறுத்திவிட்டது. படத்துக்கும் சோதனைக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால் இலாபம் சுருங்கும் என்பர். சுருங்கத்தான் செய்யும். அந்தச் செலவை யாரோ ஒருவர் செலுத்தியே தீர வேண்டும். எமது விடயத்தில் யாமும் வீரனும் செலுத்தினோம்.

வீரன் ஐந்து ஆண்டு வாழ்ந்தான். வலிமாத்திரையும் சாக்கு விரித்த படுக்கையும் அவன் வாழ்வாயின. படிகளில் எம் மகன் அவனைத் தூக்கி ஏற்றுவான்.

நுவரெலியாவில் தொழில் பார்க்கும் எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். அவரிடம் அழகிய அல்சேஷன் பெண் நாய் ஒன்று உண்டு. குட்டிகளுக்கு நால்வர் முற்பணமே கொடுத்துவிட்டனர். வீரனின் படத்தை அவருக்குக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமற் போனார். மறுமாதம் பேராதனைக்குக் கொண்டு சென்று படம் எடுத்திருக்கிறார். அவருடைய நாயின் இடுப்பு நன்றாகவே இருந்தது. ஆண் நாயின் சொந்தக்காரரோ படமெடுக்க உடன்படவில்லை. முற்பணத்தை நால்வர்க்கும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேற ஒரு ஆண் நாய் தேடிக்கொண்டிருக்கிறன் சேர், படம் எடுத்ததாப் பார்த்து" என்று அண்மையிலும் கூறினார். கண்டி, பண்டாரவளைப் பக்கங்களில் அத்தகைய நாய் வைத்திருக்கும் பழைய மாணவர் எவரேனும் இருப்பின் எமக்கு அறிவித்தால் அவரிடம் சொல்லிவிடுவோம்.