மலைத் தடமும் கிலுகிலுப்பைப் பாம்பும்

மலையேறுவதற்கென்றே ஒரு துவிச்சக்கர வண்டி உண்டு என்றால் நம் கிராமத்துப் பெரியவர்கள் நகைப்பார்கள். ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டிச் செல்வதன்றோ நாம் அறிந்த முறை? ஆயினும், தடித்த ரயர் பூட்டிய வண்டிகளிற் காட்டுத் தடங்களின் வழியே ஏறியிறங்கி மகிழ்வோர் இன்று உலகெங்கும் உளர். 1996 ஆம் ஆண்டு அற்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் என்று போற்றப்படுவது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள மரின் பகுதி. அங்கே தமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. (பெயரின் முற்பகுதியைக் கண்டு, தமிழர் இட்ட பெயரோ என மயங்க வேண்டா, அது அந்நிலத்து ஆதிக்குடிகளான மீவொக் மக்களின் மொழியில் வந்தது.) 1970களில் அப்பகுதி இளைஞர் சிலர், பழைய கனத்த வண்டிகளைத் தேடியெடுத்துச் சரிவுகளில் ஓட்டலாயினர். 1976 ஒக்ரோபரில் ஒரு பந்தயமும் தொடங்கினர். 2 மைலுக்குங் குறைந்த தூரத்தில் 1,300 அடி இறக்கம்! பின்சில்லின் பிறேக் கொதித்து, அதனுள்ளிருந்த கிறீஸ் கருகிப் புகையும். ஓட்டம் முடிந்ததும் புதிய கிறீஸை அடைக்க வேண்டியிருந்தமையால், ‘மீள அடைத்தல்’ எனப் பொருள்படும் ‘றீபாக்’ என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று.

அச்சரிவுகளில் இவ்விளைஞரினும் பழைய குடி ஒன்று உண்டு. அதுவே கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் வால் நுனியில், நம் நகத்தை ஒத்த பொருளாலான வளையங்கள் கோத்தாற்போல அமைந்துள்ளன. சட்டை கழற்றும்போதெல்லாம் ஒரு வளையம் கூடும். வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாம் என்பது வெறும் கதை. ஓராண்டிற் பன்முறை சட்டை கழற்றுவதும் உண்டு, பழைய வளையங்கள் உடைந்து விழுவதும் உண்டு.

குளிர்காலத்தைப் பாறை வெடிப்புகளிற் கழித்துவிட்டு, வசந்தத்தில் அது வெளிவரும். உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத உயிராதலின், வெயில் விழும் இடத்தை நாடும். புதர் நீக்கி மனிதன் அமைத்த தடமே அதற்கு வாய்ப்பான படுக்கை.

இங்கேதான் கால்நடையாக வருபவனுக்கும் வண்டியில் வருபவனுக்கும் உள்ள வேற்றுமை தோன்றுகிறது. பாம்புக்குப் புறச்செவி இல்லை. ஆயினும் உட்செவி உண்டு. நிலத்தின் அதிர்வு தாடையெலும்பின் வழியே அதனை எட்டும். காற்றில் வரும் ஒலியையும் பாம்புகள் ஓரளவு உணர்கின்றன என்பதை, 2023 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நடப்பவனின் காலடி அதற்கு ஓர் அறிவிப்பு. வண்டியோ வழுக்கிக்கொண்டு வருகிறது. அறிவிப்பும் ஆளும் ஏறத்தாழ ஒருங்கே வந்து சேர்கின்றனர். விலகவும் கிலுகிலுக்கவும் பாம்புக்கு நேரமில்லை.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மரின் பகுதியின் காட்டுச் சாலைகளில் வண்டிக்கு விதித்த வேக எல்லை மணிக்கு 15 மைல். அப்பால் தெரியாத வளைவுகளில் 5 மைல். பதினைந்து மைல் என்பது ஒரு விநாடிக்கு 22 அடி. கண் கண்டு கை பிறேக்கைப் பற்றுமுன் ஒரு விநாடி கழிந்துவிட்டால், 22 அடி போய்விட்டது. ஐந்து மைலாயின் 7 அடிக்குச் சற்று மேல். அந்த 15 அடி வேற்றுமையே இருவர் உயிரையும் காக்கிறது. ‘இருவர்’ என்று பாம்பையும் சேர்த்தே சொல்கிறேன். சில்லின் கீழ் நசுங்கி மாளும் பாம்புகள் பல.

கிலுகிலுப்பைப் பாம்பு பொதுவாகத் தன் நீளத்திற் பாதியளவே பாய்ந்து கொத்தும். மூன்று அடிப் பாம்பு ஒன்றரை அடி எட்டும். ஆறடிக்கு அப்பால் நின்றவன் அச்சமின்றிக் காத்திருக்கலாம். சற்றுப் பொறுத்தால் அது தானே போய்விடும். கல்லெறிவதும், தடியால் நெம்புவதும், இக்காலத்தில் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு நெருங்குவதும் வீண் வீரம். இதைவிடக் கவனிக்க வேண்டியவை சில உள. சடுதியாகப் பிறேக்கை இறுக்கினால் வண்டியோட்டி பாம்பின் அருகிலேயே விழக்கூடும். ரயர் ஒட்டுவதற்காகப் பார்க்காமற் பாறையில் அமர்வதும், மரக்கட்டையின் மறுபுறம் கை வைப்பதும் ஆபத்தானவை.

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 7,000 முதல் 8,000 பேரை நச்சுப் பாம்புகள் கடிக்கின்றன. இறப்போர் ஐவர் அளவினர். நம் நாட்டின் நிலை வேறு. 2012–13 இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக எடுத்த கணிப்பின்படி, ஓராண்டிற் பாம்புக்கடிக்கு உள்ளானோர் ஏறத்தாழ 80,000 பேர். மாண்டோர் 400க்கும் மேல். நமக்கு மலை வண்டி புதிது. ஆனால் வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் விளக்கில்லாத சைக்கிளிற் செல்வது புதிதன்று.

கிலுகிலுப்பைப் பாம்பின் சுற்றத்தவர் ஒருவரும் நம்மிடையே உளர். மூக்கு நுனி சற்று மேல்நோக்கிய, சிங்களத்திற் ‘குனகட்டுவா’ எனப்படும் சிறு விரியன் அது. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி இரண்டுக்கும் உண்டு. கிலுகிலுப்பை மட்டும் இதற்கில்லை. சருகோடு சருகாகக் கிடக்கும். இந்தியாவிலிருந்து வரவழைத்து நம் மருத்துவமனைகளிற் பயன்படுத்தும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகியவற்றுக்கு உரியது, இவ்விரியனுக்கு உரியதன்று. இதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சிறு பாம்புதானே என்று வீட்டிலேயே இருந்துவிடலாகாது.

என் மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன், மாலை வகுப்பு முடிந்து குளக்கட்டு வழியே வீடு திரும்பும்போது புடையன் ஒன்றின்மேற் சில்லை ஏற்றிவிட்டான். கணுக்காலிற் கடி. அயலவர் கயிறு கொண்டு இறுகக் கட்டவும், கடிவாயைக் கீறவும் முனைந்தனர். அவனுடைய சின்னம்மா இரண்டுக்கும் இடங்கொடாது, அவனை நடக்கவும் விடாது, காலை அசையாமற் பிடித்தபடி முச்சக்கர வண்டியில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தார். பாம்பை அடித்துக் கொண்டுவரவில்லையே என்று அயலவர் குறைபட்டனராம். ‘நிறத்தையும் புள்ளியையும் பிள்ளை சொல்லுவான்’ என்றாராம் அந்த அம்மை. அவன் சொன்னான், உரிய மருந்தும் கிடைத்தது. பத்து நாளில் வகுப்புக்கு வந்துவிட்டான், சற்று நொண்டிக்கொண்டு.